சிஓபிடி சார்ட் கைக்கு வந்தால்: புதிய கோடர்களுக்கு

மெடிக்கல் கோடிங்கில், அதாவது நோயாளியின் சார்ட்டைப் படித்து நோய்களுக்குக் கோட் கொடுக்கும் வேலையில், புதிதாகச் சேர்ந்தவர்களிடம் எந்த சார்ட் சுலபம் என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் சிஓபிடி (மூச்சுக்குழாய் அடைப்போடு வரும் நாள்பட்ட நுரையீரல் நோய்) என்பார்கள். அதன் கோட் ஜே44.9 டிரெய்னிங் முடிவதற்குள்ளேயே மனப்பாடம் ஆகிவிடும், சார்ட்டில் சிஓபிடி என்று கண்டதும் கை தானாகவே அதை அடித்துவிடும், அப்புறம் ஆடிட் ரிப்போர்ட் வரும்போது அதே சார்ட்டுகளில்தான் எரர் வரிசையாக நிற்கும். நாள்பட்ட நுரையீரல் நோய்களில் டாக்டர் எழுதுகிற ஒரே ஒரு சொல்லால் கோட் மாறிவிடும், சில சமயம் அந்தக் கேஸுக்கு ஆஸ்பத்திரி வாங்கும் தொகையும் மாறிவிடும். அந்தச் சொற்கள் எவை, எங்கே இருக்கும், இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

சென்னை, கோவை, திருச்சி என்று எங்கே உட்கார்ந்து வேலை செய்தாலும் நம்மில் பெரும்பாலானோர் பார்ப்பது அமெரிக்க சார்ட்டுகள்தான். அதனால் இங்கே பேசுவது எல்லாம் அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் கோட் பட்டியல் பற்றி. நம் ஊர் ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டில் இந்த விதிகளைத் தேடாதீர்கள்.

முதலில் ஒரு பழக்கத்தை விட வேண்டும்

பி.ஃபார்ம், நர்சிங், பிசியோதெரபி படித்துவிட்டு கோடிங்குக்கு வருபவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. அவர்களுக்கு விஷயம் தெரியும். ஸ்பைரோமெட்ரி (ஊதிப் பார்க்கும் மூச்சுச் சோதனை) ரிப்போர்ட்டில் எஃப்இவி1-க்கும் (முதல் நொடியில் ஊதும் காற்று) எஃப்விசி-க்கும் (மொத்தமாக ஊதும் காற்று) உள்ள விகிதம் 0.70-க்குக் கீழே இருக்கிறது, மருந்துப் பட்டியலில் டயோட்ரோபியம் என்ற இன்ஹேலர் மருந்து இருக்கிறது, நோயாளி நாற்பது வருடமாக சிகரெட் பிடிக்கிறார், இது சிஓபிடி இல்லாமல் வேறென்ன என்று மனசு சொல்லும். இருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் சிகிச்சை தரும் டாக்டர் அல்லது நோயைக் கண்டறிந்து பதிவு செய்யத் தகுதியுள்ள நர்ஸ் பிராக்டிஷனர் போன்றவர். கைட்லைனிலேயே இது இருக்கிறது: நோய் இருக்கிறது என்று புரொவைடர் எழுதும் வாக்கியத்தை வைத்துத்தான் கோட் கொடுக்கப்படும். லேப் எண்ணை வைத்து நாம் நோயைக் கண்டுபிடிக்கக் கூடாது, டாக்டர் எழுதிய நோயை லேப் எண் சரியில்லை என்று நாமாக அடிக்கவும் கூடாது. இரண்டாவது நிலை வந்தால் அதற்குத் தனி வழி உண்டு, கிளினிக்கல் வேலிடேஷன் என்பார்கள், க்வெரி (டாக்டரிடம் எழுத்தில் விளக்கம் கேட்பது) அல்லது சீனியர் மூலம் போக வேண்டிய விஷயம்.

படித்த படிப்பு வீணா என்றால், இல்லை. எங்கே சந்தேகப்பட வேண்டும், எங்கே க்வெரி போட வேண்டும் என்பது அந்தப் படிப்பிருந்தால்தான் கண்ணில் படும்.

எந்த வகை சார்ட் என்று பாருங்கள்

நோயின் பெயரைத் தேடும் முன் இது இன்பேஷன்ட்டா, அவுட்பேஷன்ட்டா என்று பாருங்கள். இரண்டுக்கும் விதி வேறு, நுரையீரல் சார்ட்டில் இது உடனே உறைக்கும்.

கிளினிக்குக்கு வந்த நோயாளிக்கு டாக்டர் ‘நாள்பட்ட இருமல், வீசிங், அநேகமாக சிஓபிடி, பிஎஃப்டி (நுரையீரல் செயல்பாட்டுச் சோதனை) எடுத்துப் பார்க்கலாம்’ என்று எழுதுகிறார். அவுட்பேஷன்ட்டில் ‘அநேகமாக’, ‘சந்தேகம்’, ‘ரூல் அவுட்’, ‘கன்சிஸ்டன்ட் வித்’ என்றெல்லாம் எழுதிய நோய்க்குக் கோட் கிடையாது. அறிகுறிகள் மட்டும்தான்: நாள்பட்ட இருமலுக்கு ஆர்05.3, வீசிங்குக்கு ஆர்06.2. இருமல் கோட் 2021 அக்டோபரில் பிரிக்கப்பட்டது, பழைய நோட்ஸ் வைத்திருப்பவர்கள் வெறும் ஆர்05 என்று போட்டால் இன்வேலிட் என்று திரும்பி வரும்.

அதே ‘அநேகமாக சிஓபிடி’ இன்பேஷன்ட் டிஸ்சார்ஜ் சம்மரியில், கடைசி நோய் முடிவாக இருந்தால் நோய் இருப்பதாகவே எடுத்துக் கோட் செய்யலாம். கோவிட் போன்ற சில நோய்களுக்கு மட்டும் இதில் விலக்கு. டிஸ்சார்ஜ் நேரத்தில் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். அட்மிஷன் நோட்டில் ‘அநேகமாக’ என்று தொடங்கி, மூன்றாம் நாள் நோட்டில் காணாமல் போய், டிஸ்சார்ஜில் வேறு நோய் எழுதியிருந்தால் அது போய்விட்டது என்று அர்த்தம். சார்ட்டைக் கடைசியிலிருந்து படிக்கும் பழக்கம் இங்கே உதவும்.

ஜே40 முதல் ஜே47 வரை

இந்தப் பகுதியை ஒருமுறை டேபுலர் லிஸ்ட்டிலேயே (கோட் எண் வரிசையில் உள்ள பட்டியல்) உட்கார்ந்து படித்துவிடுங்கள், என்கோடர் மென்பொருளில் தேடித் தேடிப் பழகினால் பக்கத்து வீட்டுக் கோட் கண்ணிலேயே படாது.

வெறும் ‘பிராங்கைட்டிஸ்’ (மூச்சுக்குழாய் அழற்சி) என்றால் ஜே40. ‘நாள்பட்ட பிராங்கைட்டிஸ்’ என்று மட்டும் இருந்தால் ஜே42. ‘ஸ்மோக்கர்ஸ் காஃப்’ என்று டாக்டர் எழுதியிருந்தால் ஜே41.0, இது பலருக்குத் தெரியாது. எம்ஃபிசிமா (நுரையீரலின் காற்றறைகள் சிதையும் நோய்) ஜே43, அதில் சென்ட்ரிலோபுலர் ஜே43.2, வகை சொல்லாவிட்டால் ஜே43.9. சிஓபிடி ஜே44. ஆஸ்துமா ஜே45. பிராங்கியெக்டேசிஸ் ஜே47. நாள்பட்ட பிராங்கைட்டிஸும் சிஓபிடியும் சேர்ந்து எழுதப்பட்டிருந்தால் ஜே42 தனியாக வராது, ஜே44-க்குள் அடங்கிவிடும்.

2023 அக்டோபரில் ஜே44.8 பிரிந்தது. ஜே44.81 பிராங்கியோலைட்டிஸ் ஆப்ளிட்டரன்ஸ், ஜே44.89 மற்ற வகைகள். நாள்பட்ட ஆஸ்துமாட்டிக் பிராங்கைட்டிஸ் இப்போது இந்த ஜே44.89-இல்தான் உட்கார்ந்திருக்கிறது.

எக்ஸாசர்பேஷன் என்று யார் சொன்னது?

சிஓபிடி சார்ட்டில் அதிகமாகப் பணம் போகும் இடமும், அதிகமாக எரர் வரும் இடமும் இதுதான். ஜே44.9-க்கும் ஜே44.1-க்கும் உள்ள வித்தியாசம் ‘அக்யூட் எக்ஸாசர்பேஷன்’ என்ற சொல், அதாவது நோய் திடீரென்று மோசமாவது. டிஆர்ஜி கணக்கில் (ஒரு கேஸுக்கு இவ்வளவு என்று ஆஸ்பத்திரிக்குப் பணம் தரும் முறை) இரண்டாம் நிலை நோயாக வரும்போது ஜே44.9-க்கு மதிப்பு இல்லை, ஜே44.1 சிசி (கட்டணத்தைக் கூட்டக்கூடிய துணை நோய்) என்ற தகுதி பெறும். அதனால் ஆடிட்டர் இதைக் கட்டாயம் பார்ப்பார்.

‘டிகம்பன்சேட்டட் சிஓபிடி’ என்று எழுதியிருந்தால் ஜே44.1 கொடுக்கலாம், டேபுலரிலேயே அந்தப் பெயர் இருக்கிறது. ‘சிவியர் சிஓபிடி’, ‘எண்ட் ஸ்டேஜ் சிஓபிடி’, ‘கோல்ட் நிலை 4’ (சிஓபிடி தீவிர அளவுகோலில் கடைசி நிலை) என்றால்? ஜே44.9 மட்டும்தான். நோய் முற்றியிருப்பதும் இன்று திடீரென்று மோசமாகியிருப்பதும் வேறு வேறு. எஃப்இவி1 எதிர்பார்க்கும் அளவில் 30 சதவீதத்துக்குக் கீழே போய்விட்ட நோயாளி கூட வழக்கமான செக்கப்புக்கு வந்திருக்கலாம். தீவிரத்தைச் சொல்ல ஜே44-இல் தனி எழுத்தே கிடையாது, கொஞ்சம் ஏமாற்றமான விஷயம்தான்.

எமர்ஜென்சிக்கு மூச்சுத்திணறலோடு வந்தார், சொலுமெட்ரால் ஊசி போட்டார்கள், நெபுலைசர் மூன்று முறை, அசித்ரோமைசின் தொடங்கினார்கள், டிஸ்சார்ஜில் டாக்டர் வெறும் ‘சிஓபிடி’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். இங்கே ஜே44.1 கொடுக்கலாமா? கூடாது. சிகிச்சை முழுக்க எக்ஸாசர்பேஷனுக்கான சிகிச்சை என்று தெரிந்தாலும் கூடாது. இதுதான் க்வெரி போட வேண்டிய இடம்.

தொற்று சேர்ந்தால்

எக்ஸாசர்பேஷனும் தொற்றும் ஒன்று என்று நினைப்பவர்கள் நிறைய. தொற்று எக்ஸாசர்பேஷனைத் தூண்டலாம், ஆனால் ஒன்று இருந்தால் மற்றது இருப்பதாக எடுத்துக்கொள்ள முடியாது என்று கைட்லைன் தெளிவாகச் சொல்கிறது.

சிஓபிடியோடு அக்யூட் பிராங்கைட்டிஸ் இருந்தால் ஜே44.0-வும் ஜே20.9-உம். நிமோனியா என்றால் ஜே44.0-வும் ஜே18.9-உம், கிருமி தெரிந்தால் அதற்கான கோட். கூடவே எக்ஸாசர்பேஷன் என்றும் எழுதியிருந்தால் ஜே44.1-ஐயும் சேர்க்கலாம், ஜே44.0-வும் ஜே44.1-உம் ஒரே சார்ட்டில் வரத் தடை இல்லை. நிறையப் பேர் இரண்டில் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்.

எதை முதலில் போடுவது? 2017 அக்டோபருக்கு முன்பு ஜே44.0-வின் கீழே ‘கூடுதல் கோட் பயன்படுத்து’ என்று இருந்தது, அதனால் ஜே44.0-வைத்தான் முதலில் போட வேண்டியிருந்தது. இப்போது அங்கே ‘இதையும் கோட் செய்’ என்ற குறிப்பு மட்டும், வரிசை எதுவும் விதிக்கவில்லை. நோயாளியை அட்மிட் செய்ததற்கு முக்கியக் காரணம் நிமோனியாவா சிஓபிடியா என்று சார்ட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பழைய டிரெய்னிங் பிபிடி-யை வைத்துக்கொண்டு ஜே44.0-தான் முதலில் வரும் என்று அடம்பிடிக்கும் சீனியர்கள் இன்னும் இருக்கிறார்கள், டேபுலரைத் திறந்து காட்டுங்கள், மரியாதையாக.

ஆஸ்பிரேஷன் நிமோனியா மட்டும் வேறு. உணவோ வாந்தியோ நுரையீரலுக்குள் போனதால் வருவது, ஜே69.0, அது வெளிப்பொருளால் வரும் நோய்களின் கூட்டத்தில் இருக்கிறது. அதற்கு ஜே44.0 சேராது, ஜே44.9 என்றுதான் போகும்.

எம்ஃபிசிமா என்ற பொறி

டாக்டர் ஒரே நோட்டில் ‘சிஓபிடி’ என்றும் ‘எம்ஃபிசிமா’ என்றும் எழுதுகிறார். புதியவர் ஜே44.9, ஜே43.9 இரண்டையும் போடுவார். எம்ஃபிசிமா என்பதே சிஓபிடியின் ஒரு வகை, ஆகவே குறிப்பாகச் சொல்லும் ஜே43.9 மட்டும் போதும் என்பது அமெரிக்க ஆஸ்பத்திரிகள் சங்கம் வெளியிடும் கோடிங் கிளினிக் 2017 கடைசிக் காலாண்டு இதழில் சொன்னது. எம்ஃபிசிமா உள்ளவருக்கு சிஓபிடி எக்ஸாசர்பேஷன் என்று எழுதியிருந்தாலும் ஜே43.9-தான், ஜே44.1 இல்லை. 2019-லும் அதையே மறுபடி உறுதி செய்தார்கள். நாள்பட்ட பிராங்கைட்டிஸோடு சேர்ந்த எம்ஃபிசிமா என்று டாக்டர் எழுதியிருந்தால் கதை மாறும், அப்போது ஜே44-க்குப் போக வேண்டும்.

எனக்கு இந்த விதி பிடிக்காது. நோயாளி நிஜமாகவே மோசமாகி அட்மிட் ஆகியிருக்கிறார், அதைச் சொல்ல ஜே43-இல் இடமே இல்லை. ஆனால் பிடிக்கிறதா இல்லையா என்று கோடரிடம் யாரும் கேட்பதில்லை.

இதில் இன்னொரு வம்பு, சிடி ரிப்போர்ட். ரேடியாலஜிஸ்ட் ‘சென்ட்ரிலோபுலர் எம்ஃபிசிமா’ என்று எழுதியிருப்பார், சிகிச்சை தந்த டாக்டர் எந்த நோட்டிலும் அதைத் தொட்டிருக்க மாட்டார். இன்பேஷன்ட்டில் ரேடியாலஜி ரிப்போர்ட்டை மட்டும் வைத்து நோய்க்குக் கோட் கொடுக்க முடியாது. எம்ஃபிசிமாவுக்குக் கோட் கொடுத்துவிட்டால் ஜே44.1 போய்விடும் என்பதால், யாரோ படம் பார்த்து எழுதிய ஒரு வரிக்காக முழு கேஸும் புரண்டுவிடும். ஆகவே ரிப்போர்ட்டில் இருந்து நேராக எடுக்காதீர்கள்.

ஆஸ்துமா: வகை, நிலை, இரண்டும் வேண்டும்

ஜே45-இல் தீவிரம்தான் நாலாவது எழுத்து. மைல்ட் இன்டர்மிட்டன்ட் ஜே45.2, மைல்ட் பெர்சிஸ்டன்ட் ஜே45.3, மாடரேட் பெர்சிஸ்டன்ட் ஜே45.4, சிவியர் பெர்சிஸ்டன்ட் ஜே45.5. ஐந்தாவது எழுத்து 0 என்றால் சிக்கல் இல்லை, 1 எக்ஸாசர்பேஷன், 2 ஸ்டேட்டஸ் ஆஸ்துமாட்டிக்கஸ் (வழக்கமான மருந்துக்கு அடங்காத கடும் தாக்குதல்). எதுவும் சொல்லாவிட்டால் ஜே45.909. நிறைய சார்ட்டில் அந்த 909-தான் வரும், ஏனென்றால் குடும்ப டாக்டர்கள் ‘ஆஸ்துமா, இன்ஹேலர் தொடரவும்’ என்பதோடு நிறுத்திவிடுவார்கள். நோயாளி எந்த டோஸ் இன்ஹேலர் எடுக்கிறார் என்று பார்த்து நாமே மாடரேட் என்று முடிவு கட்டக் கூடாது. ‘அன்கன்ட்ரோல்ட்’ என்பதும் எக்ஸாசர்பேஷன் ஆகாது.

சிஓபிடியும் ஆஸ்துமாவும் சேர்ந்து வரும் நோயாளிகள் அதிகம். ஜே44-இன் கீழ் ‘ஆஸ்துமா வகை தெரிந்தால் அதையும் கோட் செய்’ என்று இருக்கிறது. வகை தெரிந்தால் என்பதைக் கவனியுங்கள்: வகை குறிப்பிடாத ஆஸ்துமா ஒரு வகை ஆகாது, ஜே45.909-ஐக் கூடவே ஒட்ட வேண்டியதில்லை. சிஓபிடி எக்ஸாசர்பேஷன், கூடவே மாடரேட் பெர்சிஸ்டன்ட் ஆஸ்துமா என்றால் ஜே44.1-உம் ஜே45.40-உம். சிஓபிடி மோசமானதால் ஆஸ்துமாவும் மோசமாகிவிட்டது என்று ஜே45.41 போட்டால் எரர். சிஓபிடியும் வகை சொல்லாத ஆஸ்துமாவும் என்றால் பழக்கத்தில் ஜே44.9-க்கு ஓடாமல், இன்டெக்ஸில் (நோய்ப் பெயர்களின் அகரவரிசைப் பட்டியல்) ஆஸ்துமா என்ற தலைப்பின் கீழ் ‘உடன்’ என்ற வரியைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆக்சிஜனும் ரெஸ்பிரேட்டரி ஃபெயிலியரும்

வீட்டில் ஆக்சிஜன் வைத்திருக்கும் நோயாளிக்கு இசட்99.81. அதற்கு மேல், நாள்பட்ட ரெஸ்பிரேட்டரி ஃபெயிலியர் (மூச்சுச் செயலிழப்பு) என்று டாக்டர் எழுதினால் ஜே96.1, ஆக்சிஜன் குறைவு என்று சொன்னால் ஜே96.11, கார்பன் டை ஆக்சைடு கூடுதல் என்றால் ஜே96.12, இரண்டும் சொல்லாவிட்டால் ஜே96.10.

அமெரிக்க அரசின் முதியோர் இன்ஷூரன்ஸான மெடிகேர் வீட்டு ஆக்சிஜனுக்குப் பணம் தர வேண்டுமென்றால் பொதுவாக ஓய்வில் இருக்கும்போது சாச்சுரேஷன் 88 சதவீதமோ அதற்குக் கீழோ, அல்லது ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 55-ஓ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். அப்படியென்றால் வருடக்கணக்கில் ஆக்சிஜன் குழாயோடு இருப்பவருக்குப் பெரும்பாலும் நாள்பட்ட ஃபெயிலியர் இருக்கும். டாக்டர்கள் அதை எழுத மறந்துவிடுவார்கள், ‘சிஓபிடி, 2 லிட்டர் வீட்டு ஆக்சிஜன்’ என்பதோடு சரி. இசட்99.81-ஐப் பார்த்து ஜே96.11-ஐ நாமே சேர்க்க முடியாது, க்வெரிக்குத் தகுந்த காரணம் அங்கே இருக்கிறது. ‘ஹைபாக்சியா’ (ஆக்சிஜன் குறைவு) என்று மட்டும் இருந்தால் ஆர்09.02-ஐ சிஓபிடியோடு சேர்த்துக் கொடுக்கலாம், மூச்சுத்திணறல், வீசிங், இருமல் ஆகியவற்றை மட்டும் தனியாகக் கொடுக்காதீர்கள், அவை சிஓபிடிக்குள் அடக்கம்.

அக்யூட் ஃபெயிலியர் ஜே96.0, நாள்பட்டதன் மேல் அக்யூட் ஜே96.2. இவை எம்சிசி, அதாவது கட்டணத்தை நன்றாக உயர்த்தும். ஆகவே இன்ஷூரன்ஸ் பக்கம் முதலில் வெட்டப் பார்ப்பதும் இவற்றைத்தான். டாக்டர் ‘அக்யூட் ரெஸ்பிரேட்டரி ஃபெயிலியர்’ என்று எழுதியிருப்பார், நர்ஸ் நோட்டில் ‘நோயாளி முழு வாக்கியங்களில் சரளமாகப் பேசுகிறார், மூச்சு சிரமம் இல்லை, 2 லிட்டரில் 96 சதவீதம்’ என்று இருக்கும். நிராகரிப்புக் கடிதத்தில் அந்த நர்ஸ் வரியைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். ஆக்சிஜன் அழுத்தம் 60-க்குக் கீழ், அல்லது கார்பன் டை ஆக்சைடு 50-க்கு மேலே போய் பிஎச் 7.35-க்குக் கீழே, மூச்சு விடும் வேகம், பைபேப் (முகமூடி வழியாக மூச்சுக்கு உதவும் கருவி) தேவைப்பட்டதா என்று சார்ட்டில் ஆதாரம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பில் போவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

புகை

ஜே44-இன் கீழ் புகையிலைக்குக் கூடுதல் கோட் கேட்கும் குறிப்பு இருக்கிறது. ‘ஸ்மோக்கர்’ என்று எழுதியிருந்தால் இன்டெக்ஸ் நேராக நிக்கோட்டின் அடிமைத்தனத்துக்கு அனுப்பும்: சிகரெட் என்றால் எஃப்17.210, எது என்று தெரியாவிட்டால் எஃப்17.200. ‘டொபாக்கோ யூஸ்’ என்றால் இசட்72.0. நிறுத்திவிட்டார் என்றால் இசட்87.891. அடுத்தவர் புகை இசட்77.22. வேலையிடத்தில் என்றால் இசட்57.31.

ஃபைப்ரோசிஸ் சார்ட்டுகள்

‘பல்மனரி ஃபைப்ரோசிஸ்’ (நுரையீரல் தழும்பேறுதல்) ஜே84.10, ‘இடியோபதிக்’ என்ற சொல் சேர்ந்தால் ஜே84.112. சிடியில் யுஐபி என்ற தழும்புப் பேட்டர்ன் என்று வந்தாலும் அந்தச் சொல்லை டாக்டர் எழுதாமல் ஜே84.112 கிடையாது. சிஸ்டமிக் ஸ்கிளரோசிஸில் நுரையீரல் பாதிப்பு என்றால் தனியாக ஃபைப்ரோசிஸ் தேடாமல் முதலில் எம்34.81 பாருங்கள். கோவிட்டுக்குப் பிறகு வந்தது என்று டாக்டர் இணைத்து எழுதினால் ஃபைப்ரோசிஸ் முதலில், யு09.9 அடுத்து. கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா பக்கத்து கிளையன்ட் என்றால் பழைய சுரங்கத் தொழிலாளர்கள் வருவார்கள், நிலக்கரித் தூசு நோய்க்கு ஜே60.

ஒரு சார்ட்டை எடுத்துப் பார்ப்போம்

பயிற்சிக்காக நான் அமைத்தது. 68 வயது ஆண், இன்பேஷன்ட். டிஸ்சார்ஜ் சம்மரி: ‘சிவியர் சிஓபிடி, அக்யூட் எக்ஸாசர்பேஷன், அக்யூட் பிராங்கைட்டிஸ். நாள்பட்ட ஹைபாக்சிக் ரெஸ்பிரேட்டரி ஃபெயிலியர், வீட்டில் 2 லிட்டர். தினம் ஒரு பாக்கெட் சிகரெட்.’ சிடி ரிப்போர்ட்: ‘சென்ட்ரிலோபுலர் எம்ஃபிசிமா.’ பழைய நோட்டில் ‘மூச்சுத்திணறல், இருமல்’.

சிவியர் என்பதைத் தாண்டிப் போங்கள். எக்ஸாசர்பேஷன் இருக்கிறது, ஜே44.1. பிராங்கைட்டிஸ் இருக்கிறது, ஜே44.0, கூடவே ஜே20.9. ஃபெயிலியருக்கு வகையும் சொல்லியிருக்கிறார், ஜே96.11. ஆக்சிஜன் இசட்99.81. சிகரெட் எஃப்17.210. மூச்சுத்திணறல், இருமல் விடுங்கள். எம்ஃபிசிமாவை டாக்டர் சொல்லவில்லை, எடுக்க வேண்டாம். இப்போது சம்மரியில் டாக்டரே ‘எம்ஃபிசிமா’ என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

க்வெரி எழுதுவது

டாக்டருக்குப் பதிலை ஊட்டுவது போல க்வெரி எழுதக் கூடாது. ‘ஜே96.11 சேர்க்கலாமா?’ என்பதும், ‘நாள்பட்ட ரெஸ்பிரேட்டரி ஃபெயிலியர் என்று எழுதினால் கட்டணம் கூடும்’ என்பதும் தவறு, இரண்டாவது பெரிய வம்பு. அமெரிக்காவின் ஏஹைமா, ஆக்டிஸ் என்ற இரு தொழில் சங்கங்களும் சேர்ந்து வெளியிட்ட க்வெரி நெறிமுறை இருக்கிறது, 2022-இல் புதுப்பித்தார்கள், அதை ஒருமுறை படித்துவிடுங்கள். சார்ட்டில் உள்ளதை மட்டும் முதலில் எடுத்து வையுங்கள்: ‘இரண்டு வருடமாக 2 லிட்டர் வீட்டு ஆக்சிஜன், அறைக் காற்றில் 86 சதவீதம், சிஓபிடி என்று பதிவு. இந்த ஆக்சிஜன் தேவைக்குக் காரணமான நோய் நிலையைத் தெளிவுபடுத்தவும்.’ அதன் கீழே தேர்வுகள்: நாள்பட்ட ஹைபாக்சிக் ரெஸ்பிரேட்டரி ஃபெயிலியர், ஃபெயிலியர் இல்லாத ஹைபாக்சியா, மற்றவை, மருத்துவ ரீதியாகத் தீர்மானிக்க இயலவில்லை. கட்டணம் பற்றி ஒரு சொல் கூட வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் க்வெரி போட்டாலும் டாக்டர்கள் எரிச்சலாகிவிடுவார்கள், அப்புறம் உண்மையான க்வெரிக்கும் பதில் வராது. கோட் மாறுமா, நோயாளியின் நிலை சரியாகப் பதிவாகுமா என்று பார்த்துப் போடுங்கள்.

எச்சிசி பிராஜெக்டில் இருப்பவர்களுக்கு

மெடிகேரைத் தனியார் கம்பெனிகள் நடத்தும் வடிவம் மெடிகேர் அட்வான்டேஜ்; அதில் நோய்களை எச்சிசி என்ற பிரிவுகளாகப் பிரித்து கம்பெனிக்குத் தரும் தொகையைக் கணக்கிடுவதுதான் ரிஸ்க் அட்ஜஸ்ட்மென்ட். அந்த சார்ட்டில் வேறு கவலை. நோயின் பெயர் இருப்பது மட்டும் போதாது, அந்த விசிட்டில் டாக்டர் அதைக் கண்காணித்தாரா, மதிப்பிட்டாரா, முடிவு எழுதினாரா, சிகிச்சை தந்தாரா என்ற ஆதாரம் வேண்டும், மீட் என்று சொல்வது இதைத்தான். ‘சிஓபிடி, நிலையாக உள்ளது, டயோட்ரோபியம் தொடரவும்’ என்ற ஒரு வரி போதும். பிராப்ளம் லிஸ்ட்டில் மட்டும் சிஓபிடி இருந்தால் கிளையன்ட் கைட்லைன் என்ன சொல்கிறது என்று பாருங்கள், இதில் கிளையன்ட்டுக்கு கிளையன்ட் மாறும். எக்ஸ்ரே, சிடி ரிப்போர்ட் தனியாக வந்தால் அதிலிருந்து எடுக்க முடியாது.

‘ஹிஸ்டரி ஆஃப் சிஓபிடி’ என்பது இன்னொரு தொல்லை. டாக்டர் பேச்சில் அது ரொம்ப நாளாக இருக்கிறது என்று அர்த்தம், கோடிங்கில் ஹிஸ்டரி என்றால் முடிந்துபோன நோய். சிஓபிடி முடிந்துபோகாது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் அதே நோட்டில் சிகிச்சை ஆதாரம் எதுவும் இல்லாமல் அந்த ஒரு வரியை மட்டும் நம்பி எடுத்தால் ஆடிட்டில் நிற்காது.

2024-இல் படிப்படியாகத் தொடங்கி 2026-இல் முழுமையாக வந்த வி28 என்ற எச்சிசி மாடலில் சிஓபிடி எச்சிசி 280, சிவியர் பெர்சிஸ்டன்ட் ஆஸ்துமா 279, ரெஸ்பிரேட்டரி ஃபெயிலியர் 213. பழைய வி24-இல் சிஓபிடி 111 ஆக இருந்தது, அந்த எண்ணை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்களைப் பார்ப்பீர்கள்.

சிபிடி பக்கம் கொஞ்சம்

நோய்க்கு ஐசிடி போல, செய்த சோதனைக்கும் சிகிச்சைக்கும் சிபிடி கோட். ஸ்பைரோமெட்ரி மட்டும் 94010. மருந்துக்கு முன்னும் பின்னும் எடுத்தால் 94060, இரண்டையும் சேர்த்து பில் போடாதீர்கள். நெபுலைசர் 94640. ஆறு நிமிட நடை 94618. புகைப்பதை நிறுத்தச் சொல்லி ஆலோசனை 3 நிமிடத்துக்கு மேல் 10 வரை 99406, அதற்கு மேல் 99407, நிமிடக் கணக்கை டாக்டர் எழுதாவிட்டால் இரண்டும் கிடையாது.

கடைசியாக, தேதி

ஒவ்வொரு அக்டோபர் 1-க்கும் புதிய கோட்கள் வரும், சில வருடம் ஏப்ரல் 1-லும் வரும். எந்தப் பதிப்பு என்பதை நீங்கள் சார்ட்டைத் திறக்கும் நாள் முடிவு செய்யாது, அவுட்பேஷன்ட்டில் விசிட் தேதியும் இன்பேஷன்ட்டில் டிஸ்சார்ஜ் தேதியும்தான் முடிவு செய்யும். செப்டம்பர் 28 அட்மிட் ஆகி அக்டோபர் 3 வீட்டுக்குப் போனவருக்குப் புதிய பதிப்பு. எச்சிசியில் இரண்டு மூன்று வருடப் பழைய சார்ட்டுகள் ஒரே பேட்ச்சில் கலந்து வரும், 2023 செப்டம்பர் விசிட்டுக்கு ஜே44.89 போட்டால் செல்லாது. சார்ட்டைத் திறந்ததும் விசிட் தேதியைப் பார்த்துவிட்டு என்கோடரில் அதே தேதியை மாற்றிக்கொண்ட பிறகு நோயின் பெயரைத் தேடத் தொடங்குங்கள்.